இருமாத திருடன்

ஆம்பூரில் சர்தார் பாஷாவை யாரும் முதலில் கண்ணால் பார்த்ததில்லை. முன்னால் இருமல் வரும். அது தெருமுனையில் திரும்பி, பிரியாணிக் கடை வாசலில் நின்று கொஞ்சம் மூச்சு வாங்கி, அப்புறம் மேலே நடக்கும். அதன் பின்னால்தான் பாஷா வருவார். வெயில்காலத்துக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு ஜதை இருமல் வைத்திருந்தார். மேல்விஷாரத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே தோல் பதனிடுகிற டேனரியில் சேர்ந்து, சுண்ணாம்புத் தொட்டிக்கும் ரசாயனப் பீப்பாய்க்கும் நடுவில் வளர்ந்த நெஞ்சு அது. “நான் ஒண்ணும் சேத்து வைக்கலன்னு எவன் சொன்னான்? எல்லாம் உள்ளதான் இருக்குது” என்று மார்பைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். முழுசாகச் சிரித்தால் இருமல் வந்துவிடும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொள்வார். அவர் முழுச் சிரிப்பைப் பார்த்தவர்கள் அந்த ஊரில் கிடையாது.

டேனரியில் அவருக்குத் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. ஆட்டுத்தோல் மேல் உள்ளங்கையை ஓட்டினால், ஆடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்புகூடத் தட்டுப்படும். தொண்ணூறுகளின் நடுவில் பாலாற்றுக் கழிவு விவகாரம் கோர்ட்டு வரை போய், பல டேனரிகளுக்குப் பூட்டு விழுந்தது. பாஷாவின் டேனரியும் அதில் ஒன்று. “ஆறும் சரியாகல, எனக்கும் வேலை இல்ல. மேட்ச் டிரா” என்பார். அதற்கப்புறம் கொஞ்ச காலம் தரகு, கொஞ்ச காலம் சும்மா. பிறகு மனைவி ஜஹீருன்னிசாவின் வளையல்கள் கைமாறி, பழைய கம்ப்யூட்டர்களாக மாறி, ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. உள்ளே மரத்தடுப்பு, பூப்போட்ட திரை, ஓரமாக ஒரு ரூபாய்க்குப் பேசுகிற போன்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஒருநாள் இத்தாலிக்காரன் வந்தான். தான் பெரிய ஷூ வியாபாரி என்றும், ஆம்பூரில் தோல் பார்த்து வாங்கித் தர நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றும், சர்தார் பாஷாவைப் பற்றிப் பலர் உயர்வாகச் சொன்னார்கள் என்றும் மெயில் போட்டிருந்தான். பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்ட வேண்டுமாம். பாஷா கட்டினார். பிறகு சுங்கத்துக்கு என்று கேட்டான், மச்சானிடம் வாங்கிக் கட்டினார். அதன்பின் இத்தாலிக்காரன் வரவில்லை. தோலில் உண்ணித் தழும்பைக் கண்டுபிடித்த கைக்கு அந்த மெயிலில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

“உங்களப் பத்தி உயர்வா சொன்னாங்கன்னு எழுதியிருக்கான் பாருங்க” என்றாள் ஜஹீருன்னிசா. “அங்கயே தெரிய வேணாமா, பொய்யின்னு?”

அந்தக் கோடையில் பாஷா மெலிந்துபோனார். மெலிந்ததில் இருமல் மட்டும் மிச்சமாகத் தெரிந்தது.

பட்டவன் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தார். லாட்டரி விழுந்ததாக மெசேஜ் வந்த ஒவ்வொருவரிடமும் போய், “கட்டாதீங்க, எல்லாம் ஃப்ராடு” என்றார். “உனக்கு வரலன்னு வயித்தெரிச்சல் பாய்” என்றார்கள். பெரியவர்களுக்குக் காது அடைத்துவிட்டது என்று முடிவு கட்டி, காது திறந்திருக்கிற கூட்டத்தைத் தேடி, இரண்டாயிரத்து எட்டில் ஒருநாள் பக்கத்துத் தெரு தொடக்கப்பள்ளிக்குப் போனார்.

தலைமையாசிரியை ஞானசுந்தரி. கஞ்சி போட்ட புடவை, கஞ்சி போட்ட முகம்.

“பாஷா பாய், எங்க பசங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடே இன்னும் வரல. கம்ப்யூட்டரே இல்லாத ஸ்கூல்ல கம்ப்யூட்டர் திருட்டப் பத்திப் பாடமா?”

“கம்ப்யூட்டர் இல்ல டீச்சரம்மா, வீட்டுல செல்போன் இருக்குதே. அம்மாங்க ஷூ கம்பெனிக்குப் போய்ட்றாங்க. அங்க கேட்டுக்குள்ள போன் எடுத்துட்டுப் போக விடறதில்ல. வீட்டுல வச்சிட்டுப் போறாங்க. ஸ்கூல் விட்டதுலருந்து அம்மா வர்ற வரைக்கும் அந்த போனுக்கு இன்சார்ஜ் யாரு? உங்க அஞ்சாங்கிளாஸ்தான்.”

டீச்சர் பேனாவை மூடினார். “வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். கதவ திறந்து வச்சிதான் நடத்தணும்.”

ஜும்மா தொழுகை முடித்து, தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாஷா ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்தார். கையில் கம்பி அறுந்த பழைய போன். முதல் நாளே பாடத்தைச் சொல்லிவிட்டார்:

“கார்டு நம்பர்ன்றது ஜட்டி மாதிரி பசங்களா. எல்லார்கிட்டயும் இருக்கும். யாருக்கும் காட்டக் கூடாது.”

வகுப்பு பெஞ்சுக்கு அடியில் விழுந்து எழுந்தது. வாசலில் ஞானசுந்தரி டீச்சர்.

“வேற உதாரணம் கிடைக்கலையா பாய்?”

“கிடைச்சுது டீச்சரம்மா. அது இத விட மோசம்.”

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் திருட்டு பாய். வெள்ளிக்கிழமைகளில் அவர் திருடனாக மாறுவார். அறுந்த போனைக் காதில் வைத்து, லாட்டரிக் கம்பெனி மேனேஜராக, பேங்க் ஆபீசராக, காணாமல்போன சித்தப்பாவாக, பம்பாய் ஹெட் ஆபீஸிலிருந்து இந்தி கலந்த தமிழ் பேசுகிறவராகப் பேசுவார். எதிரில் நிற்கிற பிள்ளை எதையும் சொல்லிவிடாமல் தப்பிக்க வேண்டும். சொல்லிவிட்டால் மற்றதுகள் எல்லாம் சேர்ந்து “போச்சு! போச்சு!” என்று கத்தும்.

“மாமா பேசறேன், சித்தப்பா பேசறேன்னு எவனாவது சொன்னா உடனே நம்பிடறதா? அவருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ண கேளு. எங்க வீட்டு நாய் பேரு இன்னா, போன தீபாவளிக்கு யாரு வேட்டில ராக்கெட் பூந்துச்சி, இப்டி. சரியா சொன்னா மாமா. முழிச்சான்னா திருடன்.”

“எங்க மாமா எப்பவுமே முழிப்பாரு பாய்” என்றான் வசந்த் என்கிற வாலு.

“அப்ப அவரையும் நம்பாத.”

வகுப்பில் நடித்தது போதாது என்று பாஷாவுக்குத் தோன்றியது. எதிரில் ஆளைப் பார்த்துக்கொண்டு யார் ஏமாறுவார்கள்? அதனால் பிள்ளைகளின் வீட்டு நம்பர்களை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் கடை காலியாக இருக்கும்போது நிஜமாகவே கூப்பிட ஆரம்பித்தார். எந்த நாள், எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது. ஏமாறாத பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை பரிசு. கமர்கட்டு, பேரீச்சம்பழம், நல்ல வியாபாரம் நடந்த வாரத்தில் ஸ்கெட்ச் பேனா. ஐந்தாம் வகுப்பே மாலையில் விளையாடப் போகாமல் போன் பக்கத்தில் காவல் காத்தது.

அந்தக் காவல்காரர்களில் பெரிய அதிகாரி பூங்குழலி. எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, மேல் வரிசையில் ஒரு பல் இல்லாத வாய், அந்த ஓட்டை வழியாக வருகிற பேச்சு. அவள் அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அம்மா சம்பூர்ணம் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில். கம்பெனி சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்த வரைக்கும் சம்பூர்ணத்துக்குக் கவலை இல்லை. பேங்கில் போட்டு ஆளுக்கொரு கார்டு கொடுத்த பிறகு, எழுத்து வாசனை கம்மியான அந்தத் தெரு அம்மாக்களுக்கெல்லாம் பிள்ளைகள்தான் ஏடிஎம் ஆபரேட்டர்கள். சம்பள நாளில் அம்மாக்கள் கார்டைப் பிடித்தபடி நிற்க, பிள்ளைகள் எக்கி நின்று பொத்தானை அமுக்கும். பூங்குழலி தன் அம்மாவுக்கு மட்டுமல்லாமல் அம்மாவின் சிநேகிதிகளுக்கும் அமுக்கிக் கொடுப்பாள். சம்பூர்ணத்தின் கார்டு பாலித்தீன் பையில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைந்திருக்கும்.

அந்தக் கார்டில்தான் சம்பூர்ணத்தின் ஒரே யோசனை சேர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாவது முடிந்ததும் பெண்ணை வேலூரில் ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. தெருவில் பாதிப் பெண்பிள்ளைகள் ஐந்தாவதோடு வீட்டில் உட்கார்ந்து, ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிற ஷூ மேல்தோலை ஊசியும் மெழுகு நூலுமாகக் கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள். “இவளும் அதுல உக்காந்தா நான் மிஷின்ல உக்காந்ததுக்கு அர்த்தமே இல்ல பாய்” என்று ஒருமுறை கடைக்கு வந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் பிரிண்ட் எடுத்தபோது சொன்னாள். பாஷா காசு வாங்கவில்லை.

பூங்குழலியை அவரால் ஒருதரம்கூட ஏமாற்ற முடியவில்லை.

“ஹலோ, நாங்கோ பம்பாய் ஹெட் ஆபீஸ்லருந்து பேசுறோம். உங்களுக்கு கார் விழுந்திருக்குது…”

“பாய், போன வைங்க. உங்க இருமல் தெருமுனைலருந்தே கேக்குது.”

“நான் இருமவே இல்லையே?”

“இப்ப இருமுவீங்க பாருங்க.”

அவருக்கு உடனே வந்துவிடும். அந்தப் பக்கம் பல்லில்லாத சிரிப்பு. மற்ற பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டன. குரலைக் கேட்பதில்லை, கேள்வி கேட்பதில்லை, இருமல் வருகிறதா என்று காத்திருந்துவிட்டு “கண்டுபுடிச்சிட்டேன்” என்று கத்தின. பாடம் வேறு பக்கம் போகிறதே என்று பாஷாவுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவருக்கு ரோஷம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் மேஜையைத் தட்டிச் சவால் விட்டார்:

“இருங்கடா. மெடிக்கல் ஷாப்புல நல்ல சிரப்பா வாங்கிக் குடிச்சிட்டு, ஒரு இருமல் இல்லாம பேசுவேன். அப்ப இன்னா செய்றீங்கன்னு பாக்கறேன்.”

“பாப்போம்! பாப்போம்!” என்றது வகுப்பு.

சிரப்பை அவர் வாங்கவே இல்லை. அந்த வாரம் கடை வாடகைக்கே இழுபறி.

தீபாவளி போனஸ் பேங்கில் விழுந்து சில நாள் கழித்து, பூங்குழலியின் மாமா மூர்த்தி ஆட்டோவைக் கடைவாசலில் குறுக்கே போட்டு நிறுத்தினான். எப்போதும் “இன்னா பாய், சௌக்கியமா” என்கிறவன், அன்றைக்கு அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

“ஏறு.”

“இன்னாடா மூர்த்தி…”

“ஏறுயா. எங்கக்கா வீட்டுக்கு வந்து பேசு.”

சம்பூர்ணத்தின் வீட்டு வாசலில் தெருவே நின்றது. சம்பூர்ணம் அப்போதுதான் ஏடிஎம்மிலிருந்து பேங்குக்கும் பேங்கிலிருந்து வீட்டுக்குமாக ஓடி வந்திருந்தாள். முந்தானை எங்கோ, தலை எங்கோ. மிஷினில் பணம் இல்லை. சேர்த்தது, போனஸ், எல்லாம் போயிருந்தது. பேங்கில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்து, “உங்க கார்டு நம்பர வச்சி யாரோ ஆன்லைன்ல பொருள் வாங்கியிருக்காங்கம்மா. நம்பர், தேதி, பின்னாடி இருக்கிற மூணு நம்பர், எல்லாம் நீங்களே குடுத்திருக்கீங்க. நாங்க ஒண்ணும் செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

பூங்குழலி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு சடை அவிழ்ந்திருந்தது. கன்னத்தில் விரல் தடம். அவள் காலடியில், பக்கத்து வீட்டிலிருந்து அள்ளிக் கொண்டுவந்து போட்ட ஷூ மேல்தோல் குவியல், அதன் மேல் ஊசி. சம்பூர்ணம் தீர்ப்பு சொல்லி முடித்திருந்தாள்.

பாஷாவைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவரால் கடைசிவரைக்கும் மறக்க முடியவில்லை.

“அம்மா, இதோ பாய் வந்துட்டாரு, கேளு! நீங்கதானே பாய் போன் பண்ணீங்க? பம்பாய் ஆபீஸ் மாதிரி பேசுனீங்களே! நான் ‘பாய், கண்டுபுடிச்சிட்டேன்’னு சொன்னேன். ‘ஆமா, நீதான் ஜெயிச்ச, பெரிய பரிசு இருக்குது, கார்ட எடுத்து வந்து படி’ன்னு சொன்னீங்க இல்ல? பாய்க்குதானேன்னுதாம்மா படிச்சேன். பாய் எதுக்கும்மா திருடுவாரு? பரிசுக்குதான் கேட்டிருப்பாரு. சொல்லுங்க பாய்.”

பாஷாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கேயோ உட்கார்ந்திருந்த ஒருத்தன், ஏதோ ஒரு நம்பரைச் சுழற்றியிருக்கிறான். எடுத்த குழந்தை சிரித்துக்கொண்டே ‘பாய்’ என்றிருக்கிறது. அவன் ஒரு கணம் யோசித்திருப்பான், பிறகு ஆமாம் என்றிருப்பான். அவ்வளவுதான் அவன் உழைப்பு. மற்ற வேலையெல்லாம் சர்தார் பாஷா வெள்ளிக்கிழமை தோறும் செய்து முடித்து வைத்திருந்தார். போன் வந்தால் எடுக்கப் பழக்கியது அவர். போனில் வருகிற திருடன் தெரிந்தவன்தான், கடைசியில் பரிசு கொடுப்பான் என்று பழக்கியதும் அவர்.

“வாயத் தொறந்து சொல்லு பாய்” என்றாள் சம்பூர்ணம். குரல் கிழிந்திருந்தது. “நீயா? இல்ல, இவதான் எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டு உம்பேர சொல்றாளா? இவதான்னா சொல்லிடு. இன்னியோட இவ படிப்பு முடிஞ்சுது. ஊசிய எடுடீ.”

பூங்குழலி ஊசியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் இன்னமும் அந்த விளையாட்டின் நம்பிக்கை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பாஷாவுக்கு இருமல் வந்தது. நீளமான இருமல். மழைக்காலத்து ஜதை. அது அடங்கின பிறகு,

“ஆமாம்மா. நான்தான்” என்றார்.

மூர்த்தி அடித்தான். அவன் அடித்ததில் தப்பில்லை. கூட்டத்தில் சிலர் பழைய கணக்குக்கும் சேர்த்து அடித்தார்கள். போலீஸ் வேண்டாம், பணம் முழுக்க வந்தால் போதும் என்று சம்பூர்ணம் சொல்லிவிட்டாள். பாஷா எல்லாக் கம்ப்யூட்டர்களையும் வந்த விலைக்குத் தள்ளி, மேஜை, மின்விசிறி வரைக்கும் விற்று, பணத்தை மூர்த்தியிடம் கொடுத்தார். மிச்சம் இருந்தது பூப்போட்ட திரையும் ஒரு ரூபாய் போனும்தான்.

அன்று மத்தியானம் ஜஹீருன்னிசா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“நீங்க எடுக்கல.”

பாஷா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“எடுக்கத் தெரிஞ்ச ஆளா இருந்தா என் வளையல் என் கைல இருந்திருக்கும். எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?”

“அந்தப் பொண்ணு மூஞ்சிய நீ பாக்கல.”

“என் மூஞ்சிய நீங்க பாத்தீங்களா?”

பாஷா நிமிர்ந்து பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம். “யாருகிட்டயும் சொல்லிடாதே” என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொல்லவும் இல்லை.

ஞானசுந்தரி டீச்சர் கடைப்பக்கமாகவே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, “உங்கள நம்பி கதவ தொறந்து விட்டேன் பாய்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும், வெளியாள் யார் வந்து எதைச் சொல்லிக்கொடுத்திருந்தாலும் அதையெல்லாம் மறந்துவிடும்படி ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லப்பட்டது. பிள்ளைகள் கீழ்ப்படிந்தன. எல்லாவற்றையும் மறந்தன. அவர் கடை ஷட்டரில் சாக்பீஸால் திருட்டு பாய் என்று எழுதுவதை மட்டும் மறக்கவில்லை. முன்பெல்லாம் அதே பேரைச் சொல்லிக்கொண்டே கையைப் பிடித்துத் தொங்கியவை. வசந்தின் கையெழுத்தில் எழுத்துப்பிழை இருந்ததால், அவனது எது என்று பாஷாவுக்குத் தெரிந்தது. அழிக்காமல் விட்டார்.

கொஞ்ச நாளில் பிரியாணிக் கடை அஹமது பாஷாவுக்கு லாட்டரி மெசேஜ் வந்தது. அவர் சந்தோஷத்தில் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கூடுதலாக ஒரு துண்டு கறி வைத்துக்கொண்டிருந்தார். சர்தார் பாஷா பொறுக்க முடியாமல் போய், “பணம் எதும் கட்டிடாதீங்க பாய், அது ஃப்ராடு” என்றார்.

“தோஸ்த்” என்றார் அஹமது பாஷா, கரண்டியைக் கீழே வைக்காமல். “திருட்டப் பத்தி உங்கிட்ட டியூஷன் வேணும்னா நானே வர்றேன்.”

கடையே சிரித்தது. அஹமது பாஷா பணம் கட்டினார். பிறகு கடையில் கறித்துண்டு சின்னதாகிப் போனது. அப்போதும் யாரும் வந்து சர்தார் பாஷாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் போன் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டிருந்தன. எடுக்காதே என்று சொல்கிற வாய் அவருக்கு மட்டும் இருந்தது. அதைத் திறந்தால் சிரிப்பார்கள்.

ஒன்றே ஒன்று நடந்தது. ஜூன் மாதம் மூர்த்தியின் ஆட்டோவில் ஒரு தகரப்பெட்டியும் வாளியும் ஏறின. நடுவில் புதுச் சீருடையில் பூங்குழலி. வேலூர் ஹாஸ்டல். ஆட்டோ கடையைத் தாண்டும்போது அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். திருடனைப் பார்க்கிற பார்வைகூடக் கொடுக்கவில்லை. பாஷா திரைக்குப் பின்னால் நின்று, அந்தத் திருப்பலைப் பார்த்து, பரவாயில்லை, இது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவருக்கு அந்த ஒன்று போதுமாகத்தான் இருந்தது.

மழை தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் அந்த ஒரு ரூபாய் போன் அடித்தது.

“ஹலோ, நாங்கோ பம்பாய் ஹெட் ஆபீஸ்லருந்து பேசுறோம்” என்றது பல் முளைத்துவிட்ட ஒரு குரல்.

பாஷா ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். “ஹாஸ்டல்லருந்தா பேசற பேட்டா? வச்சிடு. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டும்.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் பாய். காயின் போட்டிருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க. அன்னிக்கு போன எடுத்ததும் மொத மொதல்ல உங்கள ஒண்ணு கேட்டேன். இன்னா கேட்டேன்?”

பாஷா திரையைப் பிடித்துக்கொண்டார். “பரிசு இன்னான்னு கேட்ட.”

“அது கடைசில.”

“யாரு பேசறதுன்னு கேட்ட.”

“இல்ல.”

“எவ்ளோ நாளாச்சி பேட்டா. மறந்து போச்சி.”

அந்தப் பக்கம் இன்னொரு காயின் விழுந்தது.

“‘சிரப் குடிச்சிட்டீங்களா பாய்’னு கேட்டேன். ‘எந்த சிரப்பு’ன்னான். அப்புறமா, ‘ஆமா ஆமா, குடிச்சிட்டேன்’னான். எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சி. பரிசுன்னு சொன்னதும் விட்டுட்டேன்.” மூச்சை இழுத்தாள். “நீங்களா இருந்தா அதுக்கு சிரிச்சிருப்பீங்க. சிரிச்சா இருமிருப்பீங்க.”

“நான்தான் பேட்டா. நம்பு” என்றார் பாஷா. சொல்லும்போதே இருமல் முட்டியது. “எம்மேல சத்தியமா நான்தான். நம்பு.”

“அவருக்கு மட்டும் தெரிஞ்சத கேளு, முழிச்சான்னா நம்பாதன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க.”

அத்தனை வெள்ளிக்கிழமை நடத்திய பாடத்தில் ஒரு பிள்ளைக்கு, ஒரே ஒரு பிள்ளைக்கு, அது சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை எந்த நாளில் அவள் பயன்படுத்த வேண்டுமோ அந்த நாளில் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தக் கூடாத இந்த நாளில் பயன்படுத்திவிட்டாள்.

“அப்ப நான்தான் எவனுக்கோ படிச்சிக் காட்டியிருக்கேன்” என்றாள் பூங்குழலி. அழவில்லை. கணக்குக்கு விடை சொல்வது மாதிரி சொன்னாள்.

“அம்மாகிட்ட சொல்லாத. பேட்டா, இங்க பாரு, சொல்லிடாத…”

காயின் முடிந்துவிட்டது.

அவள் சொல்லாமல் இருப்பாள் என்று பாஷா சில வாரம் நம்பிப் பார்த்தார். ஆயுத பூஜை லீவுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். லீவு முடிந்து மற்ற பெட்டிகள் பஸ் ஏறின. சம்பூர்ணம் வீட்டுத் தகரப்பெட்டி ஏறவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் பெண்ணும் கடைக்கு வந்தார்கள். சம்பூர்ணம் உள்ளே வந்து நின்று, சுருட்டி வைத்திருந்த சில நோட்டுகளை மேஜை இருந்த இடத்தில் வைக்கப் போய், மேஜை இல்லாததால் ஸ்டூல் மேல் வைத்தாள்.

“மிச்சத்த கொஞ்சம் கொஞ்சமா தர்றேன் பாய்.”

“இன்னாம்மா இது? எடு மொதல்ல. அந்தப் பொண்ண ஹாஸ்டலுக்கு அனுப்பு.”

“உங்க கம்ப்யூட்டர வித்த காசுல எம்பொண்ணு படிக்கிறாளா? உங்கள நடுத்தெருவுல அடிச்ச குடும்பம் பாய் நாங்க. அது எனக்கு ஜீரணம் ஆகாது. அடைச்சிட்டு அப்புறம் படிக்கட்டும். அடுத்த வருஷம் சேத்துடறேன்.”

அந்தத் தெருவில் அடுத்த வருஷம் என்று சொல்லி நிறுத்தப்பட்ட பிள்ளைகள் எல்லாரையும் பாஷாவுக்குத் தெரியும். அதில் சிலருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவர் என்னென்னவோ சொன்னார். தப்பு தன்னுடையது என்றார், விளையாட்டு காட்டி அவளைக் கெடுத்தது தான்தான் என்றார், கையைக்கூடக் கூப்பினார். சம்பூர்ணம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நோட்டுகளை எடுக்கவில்லை. ஒரு பொய்யை அவள் நம்பினதற்கு அவர் கடை போனது, உண்மையை நம்பினதற்கு அவள் பெண்ணின் படிப்பு போகிறது. இரண்டுக்கும் நடுவில் அந்தத் திருடன் எங்கேயோ ஒரு ஊரில் இருமாமல் உட்கார்ந்திருந்தான்.

பூங்குழலி பூப்போட்ட திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. மற்ற விரல்களில் மெழுகு நூல் அறுத்த கோடுகள், புதிதாக, சிவப்பாக. தோலில் எந்தக் காயம் ஆறும், எது தழும்பாக நின்றுவிடும் என்பது அவருக்குப் பழக்கமான விஷயம். அதனால் அதிக நேரம் பார்க்கவில்லை.

அவர்கள் வாசலில் இறங்கும்போது அவருக்கு மறுபடி வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். அடங்குகிற வரைக்கும் பூங்குழலி படியிலேயே நின்றாள். அம்மா கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை.

“ஜாஸ்தியாய்டுச்சி பாய்” என்றாள். “இப்பவாவது அந்த சிரப்ப வாங்கிக் குடிங்க.”